பல்லுக்குள் இருந்த ஊசி

என் கீழ்த்தாடையில், இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல்லின் வேருக்குள் உடைந்த ஊசித் துண்டு ஒன்று பதினொரு மாதம் கிடந்தது. அதை உள்ளே விட்டவர் என் கணவருடைய அக்காவின் கணவர். அவர் பல் மருத்துவர். லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் கிளினிக் வைத்திருக்கிறார். கீழே நகைக்கடை, மேலே இவர். எங்கள் குடும்பத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. என் மாமியார் இருந்தவரை அவரும் 'டாக்டர்' என்றுதான் சொல்வார். கல்யாண வீடுகளில் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கும். பள்ளிவாசல் நிகழ்ச்சிகளில் பிள்ளைகளுக்குப் பல் துலக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

நான் தெம்பனிஸில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியை. நாள் முழுக்கக் கதை சொல்வதும் பாட்டுப் பாடுவதும்தான் வேலை. வாய் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

ஒரு நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அந்தப் பல் வலிக்க ஆரம்பித்தது. அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மதினி, அதாவது டாக்டரின் மனைவி, விடவில்லை.

"டாக்டர் வீட்டுலயே இருக்கும்போது நீ பாலிகிளினிக்ல போய் நம்பர் எடுத்துட்டு உக்காருவியா? பார்க்கறவங்க என்ன நெனப்பாங்க?"

பக்கத்தில் இருந்த அவர் சிரித்தார். "அங்க போனா உன் பல்லை வெச்சுச் சின்னப் பசங்க படிச்சுக்குவாங்க தங்கச்சி. நாளைக்குக் கிளினிக்குக்கு வா."

வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். இரண்டு முறை போனேன். இரண்டாவது முறை அவர் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேரைக் குடைந்துகொண்டிருந்தார். என் வாய் மரத்துப்போயிருந்தது. ஆனால் எலும்பு வழியாக எனக்குச் சத்தம் கேட்டது. கிளிக் என்று சின்னதாக ஒரு சத்தம். பாட்டு நின்றது. அவர் கையும் நின்றது. உதவிக்கு நின்ற பெண்ணை எதையோ எடுத்து வரச் சொல்லி வெளியே அனுப்பினார். கொஞ்ச நேரம் எதையோ நோண்டிப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்தார். எனக்கு முதுகைக் காட்டியபடி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது முகத்தில் அதே பழைய சிரிப்பு இருந்தது.

"எல்லாம் நல்லா இருக்கு. அடைச்சு விட்டுர்றேன்."

"என்னவோ சத்தம் கேட்டுச்சு அண்ணன்."

"மெஷின் சத்தம்தான். பயந்துட்டியா?"

அன்றிலிருந்து இடது பக்கம் என்னால் மெல்ல முடியவில்லை. பெரிய வலி என்று சொல்ல முடியாது. உள்ளே யாரோ விரலால் அழுத்திக்கொண்டே இருப்பது போல ஒரு பாரம். இரண்டு மாதம் கழித்து அவரிடம் போய்ச் சொன்னேன். பல்லின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். "பல்லுல ஒண்ணும் இல்ல. உன் மனசுலதான்" என்றார். நான்கு மாதம் கழித்து மறுபடியும் சொன்னேன். அப்போது தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் அவர் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் ஒரு நிச்சயதார்த்த வீட்டில். நான் சிகிச்சை நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று நடித்துக் காட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, காலை உதறிக்கொண்டு. "தங்கச்சி வந்துட்டுப் போன பிறகு கைப்பிடி ரெண்டும் ஆட ஆரம்பிச்சிடுச்சு. ஆள் வெச்சு முறுக்கினேன்லா." எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் சிரித்தாள். என் கணவரும் சிரித்தார். நானும் சிரித்தேன், இடது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு.

அடுத்த ஒவ்வொரு விருந்திலும் அந்தக் கதை வந்தது. ஒவ்வொரு முறையும் கைப்பிடி கொஞ்சம் கூடுதலாக ஆடியது. வலியைக்கூட நான் பொறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். பதினேழு வயது மகளுக்கு முன்னால் என்னைக் கோழை ஆக்கியதைப் பொறுக்க முடியவில்லை. அப்போதே அவர் மேல் ஒரு கசப்பு விழுந்துவிட்டது. ஆனால் அதற்குக் காரணமாக நீட்டிக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த நோன்பு வந்தது. மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை முகம் கழுவும்போது இடது கன்னம் கைக்குத் தட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தால் தாடை ஓரம் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. அப்படியே பள்ளிக்குப் போனேன். ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்தி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க நோன்புதானே? ஏன் வாய்ல மிட்டாய் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். பாட்டு நேரத்தில் என்னால் வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை. முதல்வர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். உதவிப் பெண் எடுத்தாள். வீக்கம் என்று சொன்னேன். இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து, டாக்டருக்கு இந்த வாரம் நேரமே இல்லை, அவரே பேசுவார் என்றாள். அவர் பேசவில்லை. பத்து நிமிடம் கழித்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது. எனக்குத் தனியாக அல்ல, இருபத்தாறு பேர் இருக்கிற குழுவில்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நம்ம தங்கச்சிக்கு மறுபடியும் பல்லு நடுக்கம் வந்திடுச்சு. பயப்படாதம்மா. வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்புளி. நோன்பு தொறக்கும்போது பஜ்ஜியைக் கொஞ்சம் கொறைச்சுக்க. மத்ததைப் பெருநாளைக்கு அப்புறம் பார்த்துக்கலாம்."

வரிசையாகச் சிரிப்புப் படங்கள் விழுந்தன. அன்று அவர் ஏன் என்னைப் பார்க்க விரும்பவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. என்னைப் பார்த்தால் அந்தப் பல்லை மறுபடி படம் எடுக்க வேண்டியிருக்கும்.

நான் பலதுறை மருந்தகத்தின் தொலைபேசிச் சேவையை அழைத்தேன். எடுத்த பெண், பல் பிரிவில் அடுத்த இடம் இரண்டு மாதம் தள்ளித்தான் இருக்கிறது என்றார். சரி என்று வைக்கப்போனேன். அவர் விடாமல் கேட்டார், "முகம் வீங்கியிருக்கா?"

"ஆமா."

"காய்ச்சல்? விழுங்க முடியுதா? மூச்சு விடறதுல சிரமம்?"

"கொஞ்சம் காய்ச்சல் இருக்கு. விழுங்க முடியுது."

"அப்ப நீங்க அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. நாளைக்குக் காலையில நேரா வாங்க. வலி, வீக்கத்தோட வர்றவங்களைத் தனியா பார்ப்பாங்க. எல்லா இடத்துலயும் பல் பிரிவு கிடையாது, உங்க வீட்டுக்குப் பக்கத்துல எங்க இருக்குன்னு சொல்றேன், எழுதிக்குங்க. அதுக்குள்ள விழுங்க முடியாமப் போச்சுன்னா, வீக்கம் கழுத்துக்கு இறங்குச்சுன்னா, காத்திருக்காம ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க."

முன்பின் தெரியாத அந்தப் பெண் ஐந்து நிமிடத்தில் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட என் குடும்ப மருத்துவர் பதினொரு மாதத்தில் கேட்டதில்லை.

மறுநாள் காலை இரண்டு பேருந்து மாறிப் போனேன். கதவு திறந்து சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வரிசை நீண்டிருந்தது. முகப்பில் இருந்த இளைஞர் காலை நேரத்துக்கான இடங்கள் முடிந்துவிட்டன என்றார். நான் முகக்கவசத்தைக் கீழே இறக்கினேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம் ஆண்ட்டி, மிஸ்ஸியைக் கூப்பிடறேன்" என்று எழுந்து போனார்.

வந்தவர் நடுத்தர வயது மலாய்த் தாதி. என்னைப் போலவே தலையில் துடோங் முக்காடு. வெப்பம் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். நான் திறந்த அளவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "காக், புவாசா?" என்று கேட்டார். நோன்பு என்றேன். கையைப் பிடித்து, இன்றைக்கு மருந்து இல்லாமல் முடியாது, உடம்பு சரியில்லாதவருக்கு நோன்பை விட அனுமதி இருக்கிறது, பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று ஒரு வாய் தண்ணீரில் வலி மாத்திரையை விழுங்கினேன். அப்போதுதான் அழுகை வந்தது. நோன்பு போனதற்காக வந்த அழுகை இல்லை. வெறும் ஆத்திரம்.

இரண்டு பேருக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பல் மருத்துவர் சீன இளைஞர். என் பெரிய மகனைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். மெதுவாக ஆங்கிலத்தில் பேசினார். இந்தப் பல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டார். எக்ஸ்ரே எடுத்தார். படம் திரையில் வந்ததும் அவர் அமைதியானார். பதினொரு மாதத்துக்கு முன்னால் பார்த்த அதே அமைதி. ஆனால் இவர் எனக்கு முதுகைக் காட்டவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார்.

பல்லின் வேர் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அதற்குள் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. நுனி வேரைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தது.

"இதைப் பற்றி உங்களிடம் சொன்னார்களா?" என்று கேட்டார்.

"எதைப் பற்றி?"

"வேரைச் சுத்தம் செய்கிற ஊசி இது. உள்ளேயே உடைந்திருக்கிறது. உடைவது யாருக்கும் நடக்கும், எனக்கும் நடக்கலாம். சில பேருக்கு அது உள்ளே கிடந்தாலும் தொந்தரவே வராது. ஆனால் நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அப்போதே சிறப்பு மருத்துவரிடம் போய் எடுத்திருக்கலாம், பல்லும் பிழைத்திருக்கலாம்."

அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் முதலில் வந்தது என்ன என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயம் வரவில்லை, துக்கமும் வரவில்லை. மகிழ்ச்சி வந்தது. மாட்டிக்கொண்டீர்கள் அண்ணன் என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது.

வேர் ஓரத்தில் எலும்பு அரித்திருக்கிறது, பல்லிலும் விரிசல் இருக்கிறது என்றார் அந்த இளைஞர். சீழை வடித்து, மருந்து கொடுத்து, சிறப்பு மையத்துக்கு எழுதிக் கொடுக்கலாம், ஆனால் பல் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இல்லையென்றால் இன்றே பிடுங்கிவிடலாம்.

"பிடுங்கிடுங்க. பல்லை என்கிட்ட குடுங்க" என்றேன்.

மரத்துப்போக ஊசி போட்டார். வீங்கிய இடத்தில் மருந்து சரியாக ஏறவில்லை. வலித்தது. வலித்தால் கையைத் தூக்குங்கள் என்றார், இரண்டு முறை தூக்கினேன், இரண்டு முறையும் நிறுத்தினார். கைப்பிடியை நான் தொடவே இல்லை. இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் கோத்து வைத்திருந்தேன். இதை எழுதி வைப்பது அற்பமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பல் வெளியே வந்தது. கழுவி, மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். வேரின் நுனியில் மயிர் அளவுக்கு ஓர் உலோக முனை நீட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயின் நகல் வேண்டும் என்று படிவம் நிரப்பிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் வந்தது. வீக்கம் நான்கு நாளில் வடிந்தது. விட்டுப்போன நோன்புகளைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுவதும் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. பிள்ளைகள் 'காக்கா காக்கா' என்று பாடிக்கொண்டிருக்கும்போது என் மனசு வாக்கியம் அமைத்துக்கொண்டிருக்கும். இப்படிச் சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும், அப்படிச் சொன்னால் எப்படிப் போகும் என்று. ஞாயிற்றுக்கிழமை பெருநாள் துணி வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். கால் தானாக அந்த நகைக்கடைக்கு முன்னால் போய் நின்றது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி மாடிப்படி ஏறினார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, போகாதே தம்பி என்று சொல்லத் துடித்தேன். சொல்லவில்லை. பூக்கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கும்வரை அங்கேயே நின்றுவிட்டுத் துணி வாங்காமல் திரும்பினேன்.

கணவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் குடும்பத்தில் சத்தம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

"பெருநாள் நேரத்துல வேணாம். அக்காவை நெனச்சுப் பாரு."

"உங்க அக்காவை நெனச்சுத்தான் இத்தனை மாசம் வாயை மூடிட்டு இருந்தேன்."

"நான் தனியா மச்சான்கிட்ட பேசறேன்."

"அவரு தனியாவா சிரிச்சாரு? இருபத்தாறு பேருக்கு முன்னால சிரிச்சாரு. நீங்களும் சிரிச்சீங்க."

அவர் எக்ஸ்ரே தாளை மடித்து என்னிடம் நீட்டினார். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "நீ என்ன செஞ்சாலும் நான் உன் பக்கத்துலதான் உக்காருவேன்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பெருநாளன்று மதியம் எல்லாரும் மதினி வீட்டில் கூடுவது வழக்கம். ரெண்டாங், லொந்தோங், பிரியாணி எல்லாம் மேசையில் இருந்தது. இந்த ஊர் மலாய்க்காரர்களிடமிருந்து எங்கள் வீட்டுக்கும் ஒரு பழக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. பெருநாளன்று சின்னவர்கள் பெரியவர்களின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பார்கள். பெரியவர்களும் பதிலுக்குக் கேட்பார்கள். டாக்டர் சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வரிசையாகப் போய்க் கையை முத்தமிட்டார்கள். பிறகு என் முறை வந்தது. நான் அவருக்கு எதிரே நின்று ஸலாம் சொன்னேன்.

"வா தங்கச்சி. பல்லு எப்படி இருக்கு? கைப்பிடி எதையும் உடைச்சிடலையே?" சுற்றி இருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு வழக்கமான வார்த்தையைச் சொன்னார். "தெரிஞ்சோ தெரியாமலோ எதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுக்கம்மா."

நான் ஒரு வாரமாக அமைத்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. வாயில் வந்தது வேறு.

"தெரியாம செஞ்சதை மன்னிச்சுட்டேன் அண்ணன். தெரிஞ்சு செஞ்சது எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

அவருக்குப் புரியவில்லை. கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து அவருக்கு முன்னால், முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எக்ஸ்ரே தாளை விரித்து அதன் அருகில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். ஒரு பல் மருத்துவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அன்னைக்கு ஒரு சத்தம் கேட்டுச்சு. மெஷின் சத்தம்னு சொன்னீங்க. அது என்ன சத்தம் அண்ணன்?"

அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். இது எல்லாக் கிளினிக்கிலும் நடப்பதுதான், மருத்துவத்தில் இதற்குப் பெயர் உண்டு, இது தவறே இல்லை என்றார்.

"ஆமா. பாலிகிளினிக்ல ஒரு சின்னப் பையன் பார்த்தாரு. அவரும் அதையேதான் சொன்னாரு, யாருக்கும் நடக்கும்னு. சொல்லாம மறைச்சதுதான் தப்புன்னாரு. நீங்க மறைச்சீங்க. என் மனசுலதான் வலின்னீங்க. முகம் வீங்கினப்போ பஜ்ஜியைக் கொறைச்சுக்கச் சொன்னீங்க."

என் கணவர் எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். டாக்டர் அவரைப் பார்த்து, "நீயாச்சும் சொல்லேன்லா" என்றார். என் மகள் டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. என் கணவரின் சின்ன மாமா, எழுபது வயதுக்காரர், மூலையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், மெல்வதை நிறுத்தினார். தாடையைத் தடவிக்கொண்டே, "எனக்கும் கீழ ரெண்டு பல்லு நீதானே பண்ணே?" என்று கேட்டார். அவர் மனைவி உடனே தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கணவரின் தம்பி, "எனக்குக்கூட மேல் பல்லுல எப்பவும் ஒரு கூச்சம் இருக்கு டாக்டர்" என்றான். ஒருவர் பின் ஒருவராக அந்த அறையில் இருந்தவர்கள் தங்கள் தாடையைத் தடவ ஆரம்பித்தார்கள். டாக்டர் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கழுத்து சிவந்துபோனது. என் வாழ்க்கையில் நான் பார்த்து ரசித்த காட்சிகளில் அது ஒன்று. அதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அவர்களில் நான்கு பேர் பிறகு பலதுறை மருந்தகத்தில் பேர் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, படம் எடுத்துப் பார்த்தார்கள். யாருடைய பல்லிலும் எதுவும் இல்லை. வேலையெல்லாம் சுத்தமாகச் செய்திருந்தார். ஆனால் ஒருவரும் அவரிடம் திரும்பிப் போகவில்லை.

மூன்று நாள் கழித்து, சாயங்காலம், எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வந்து நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார். மேலே வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. அஸர் தொழுதுவிட்டு, துணியை மடித்து வைத்துவிட்டு, மெதுவாக இறங்கிப் போனேன். கல்மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அவர் எனக்காக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். முப்பது வருஷத்துல அப்படி ஆனது ரெண்டாவது தடவை. வீட்டு ஆளு வேற. என்னால சொல்ல முடியல" என்றார்.

"எனக்குச் சொன்னா போதாது அண்ணன். குரூப்ல சொல்லுங்க. எழுதாதீங்க. உங்க குரல்ல சொல்லுங்க."

"அது வேணாம் தங்கச்சி."

நான் திரும்பி மின்தூக்கியை நோக்கி நடந்தேன். கதவு மூடும்முன், "சரி" என்று அவர் சொன்னது கேட்டது.

அன்று இரவே பதிவு வந்தது. ஊசி உடைந்ததையும், மறைத்ததையும், கேலி செய்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தார். குரல் கரகரத்தது. நான் அதை நான்கு முறை கேட்டேன். நான்காவது முறை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன்.

மறுநாள் காலை புகார்க் கடிதத்தையும் தபாலில் சேர்த்தேன். மருத்துவர்கள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற இடத்துக்கு. அதை எழுதி முடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"அதான் எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரே" என்றார் கணவர்.

"குடும்பத்துக்குச் சொன்னாரு. மாடிப்படி ஏறி வர்றவங்களுக்கு யாரு சொல்றது?"

இது பாதி உண்மைதான். மீதிப் பாதி, எனக்கு இன்னும் ஆறவில்லை. கடிதத்தை அனுப்ப மாட்டேன் என்று நான் டாக்டருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது அவர் தவறு.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. விசாரித்ததாகவும், அவருக்கு எச்சரிக்கை கொடுத்திருப்பதாகவும் நான்கு வரி. கிளினிக் இன்னும் நடக்கிறது. இப்போதெல்லாம் அவர் ஒவ்வொரு நோயாளிக்கும் திரையைத் திருப்பிப் படத்தைக் காட்டி விளக்குகிறார் என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். ரொம்ப நல்ல டாக்டர் என்றும் சொன்னாள்.

போன மாதம் தேக்கா சந்தையில் மீன் கடைக்கு முன்னால் மதினியைப் பார்த்தேன். பெருநாளுக்குப் பிறகு முதல் முறையாக. விலகிப் போவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்று மீன்களைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தக் குடும்பத்துக்குள் வந்தபோது எனக்கு மீன் வாங்கவும் பேரம் பேசவும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"அந்த எடத்துல பல்லுக் கட்டலையா?"

"இல்ல மதினி. பாலிகிளினிக்ல பேரு குடுத்திருக்கேன்."

"எத்தனை மாசம் ஆகும்?"

"நாலு மாசம்."

தலையாட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அவரு செஞ்சது தப்புதான். நானே அவருகிட்ட ஒரு மாசம் பேசல. ஆனா நீ என் வீட்டு ஹால்ல, பெருநாளன்னிக்கு, நான் சமைச்ச சாப்பாட்டுக்குப் பக்கத்துல கொண்டாந்து வெச்சியே. என்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க தடுத்திருப்பீங்க."

"ஆமா. தடுத்திருப்பேன்."

மீன்காரர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி ஒரு கொடுவாவைத் தொட்டு, செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை எடுத்துக்க, நல்லாருக்கு" என்றார். அவர் எதுவும் வாங்கவில்லை. தள்ளுகூடையை இழுத்துக்கொண்டு காய்கறிப் பக்கம் போனார்.

அவரைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. கூப்பிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அவரிடம் கேட்கலாம், அவருக்கு நான் செய்தது கொஞ்சம் கொடுமைதான். ஆனால் அவரிடம் கேட்டால் அந்த மனிதரிடமும் கேட்டதாக ஆகிவிடும். நான் அந்தக் கொடுவாவையே எடுத்து, துண்டு போட்டுத் தரச் சொன்னேன்.